தமிழில் கோப்புப் பெயர்: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் உடையாமல் காக்க முழு வழிகாட்டி

ஒரே ஃபோல்டருக்குள் ‘கோடை’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியுமா? லினக்ஸில் முடியும். விண்டோஸிலும் முடியும். இப்போதைய மேக்கில் முடியாது. கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்களை ஓர் இயங்குதளம் வேறு வேறு என்கிறது, இன்னொன்று ஒன்றேதான் என்கிறது. தேடினால் கிடைக்காத கோப்பு, நகலெடுக்கும்போது ஏற மறுக்கும் கோப்பு, ஜிப்பைப் பிரித்ததும் கிறுக்கலாக வந்து நிற்கும் பெயர், இரட்டிப்பாகிவிடும் ஃபோல்டர் என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது.

இதற்குப் பயந்து, ‘கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள்’ என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் தரம்; 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இன்றைய இயங்குதளங்கள் அத்தனையும் தமிழ்ப் பெயரை ஏற்கின்றன. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பெயர் நகரும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும்: பெயரை எப்படிச் சேமிக்கிறார்கள், இரண்டு பெயர்கள் ஒன்றா என்பதை எப்படி ஒப்பிடுகிறார்கள், நீளத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள்.

படி 1: பெயருக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

திரையில் தெரிவது எழுத்து வடிவம். அதற்குக் கீழே யூனிகோட் குறியெண்கள் இருக்கின்றன. அதற்கும் கீழே, வட்டில் பைட்டுகள். ‘க’ எழுத்தின் குறியெண் 2965. குறியெண்ணைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 149 என்று மூன்று பைட்டுகளாகிறது. தமிழுக்கான இடம் 2944 முதல் 3071 வரை, அதில் உள்ள எந்தக் குறியெண்ணும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுதான். யூடிஎஃப்-16இல் அதே ‘க’ ஓர் அலகு, அதாவது இரண்டு பைட்டு.

இனி ‘கோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். இதை இரண்டு விதமாக எழுதலாம். ‘க’வுக்குப் பின் ஓகாரக் குறி 3019 மட்டும் வருவது ஒரு விதம். ‘க’வுக்குப் பின் இரட்டைக்கொம்பு 3015, அதன்பின் துணைக்கால் 3006 என்று இரண்டு குறிகள் வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ‘கோ’தான், எழுத்துரு எந்த வேறுபாடும் காட்டாது. யூனிகோட் தரமும் இவ்விரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் பைட்டுகள் வேறு. ‘கோடை’ என்ற சொல் முதல் விதத்தில் 12 பைட்டு, இரண்டாவதில் 15 பைட்டு.

தமிழில் இப்படி இரட்டை வடிவம் கொண்டவை மொத்தம் நான்கே: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, தனி எழுத்தான ‘ஔ’. சில விசைப்பலகை முறைகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்ட வைப்பதால் பிரிந்த வடிவம் உருவாகலாம். பழைய மேக் வட்டுகளும் பிரித்தே வைக்கும். மற்ற எழுத்துகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ‘மரம்’, ‘பாடம்’ போன்ற பெயர்கள் எங்கே போனாலும் ஒழுங்காக இருப்பதும் ‘கோப்பு’, ‘தொகுப்பு’, ‘நோட்டு’ போன்றவை மட்டும் முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

உங்கள் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க மூன்று இயங்குதளத்திலும் வேலை செய்யும் வழி பைத்தான் நிரல்மொழி. ஃபோல்டரில் உள்ள பெயர்களை ஓஎஸ் தொகுப்பின் ‘லிஸ்ட்டிர்’ கட்டளையால் எடுத்து, ஒவ்வோர் எழுத்தையும் ‘ஆர்ட்’ கட்டளைக்குக் கொடுத்தால் குறியெண்கள் வரிசையாக வரும். 3014 அல்லது 3015க்கு அடுத்து 3006 வந்தால் பிரிந்த வடிவம். 3018 அல்லது 3019 வந்தால் சேர்ந்த வடிவம். ஔகாரத்தில் 3014க்குப் பின் 3031 வந்தால் பிரிந்தது, 3020 என்றால் சேர்ந்தது. லினக்ஸிலும் மேக்கிலும் ‘எல்எஸ்’ கட்டளையின் வெளியீட்டை ‘எக்ஸ்எக்ஸ்டி’ கட்டளைக்குப் பைப் செய்தால் பைட்டுகளையே பார்க்கலாம். விண்டோஸில் பவர்ஷெல் போதும்: பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்து, முழு எண்ணாக மாற்றச் சொன்னால் அதே எண்கள் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் சிதறித் தெரிந்தால் பெயர் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். டெர்மினல் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பதால் வரும் காட்சிக் கோளாறு அது. எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 2: உங்கள் இயங்குதளம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

லினக்ஸில் இருந்து தொடங்குவோம், அதுதான் எளிமையானது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குக் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பூஜ்ய பைட்டும் சாய்கோடும் மட்டும் கூடாது, மற்றது எதுவானாலும் சம்மதம். அது தமிழா, என்ன குறிமுறை, ஒழுங்கான யூடிஎஃப்-8தானா என்றெல்லாம் கெர்னல் கேட்பதில்லை. பைட்டுகளை எழுத்தாக வாசிப்பது மேலே ஓடும் நிரல்களின் பொறுப்பு. லினக்ஸ் அடித்தளத்தில் எதையும் மாற்றாமல் தமிழ்ப் பெயர்கள் ஓடுவதற்குக் காரணம், யூடிஎஃப்-8 அமைக்கப்பட்ட விதம். 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் அதை வடிவமைத்தபோது, ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளும் அடிப்படைக் குறிகளும் கொண்ட பழைய பட்டியல்) அல்லாத எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் கீழே வராதபடி பார்த்துக்கொண்டார்கள். ஆகவே தமிழ் எழுத்துக்கு நடுவே தற்செயலாகச் சாய்கோட்டின் பைட் வந்து, பாதையை இரண்டாக உடைத்துவிடாது. கோப்பு அமைப்புகளை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளை, மனதில் வைத்தே செய்த வேலை அது.

பைட்டாகவே ஒப்பிடுவதால் சேர்ந்த ‘கோடை’யும் பிரிந்த ‘கோடை’யும் லினக்ஸில் இரண்டு கோப்புகள். இதற்கு விலக்கு உண்டு. 2019இல் வந்த கெர்னல் 5.2 முதல், லினக்ஸின் கோப்பு அமைப்புகளில் ஒன்றான இஎக்ஸ்டி4இல் குறிப்பிட்ட ஃபோல்டர்களுக்கு மட்டும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் இந்த வடிவ வேறுபாட்டையும் கண்டுகொள்ளாத வசதியைப் போடலாம். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் நார்மலைசேஷன் (இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்குவது) என்ற அமைப்பு இருக்கிறது, ஆனால் அதைக் கோப்பு அமைப்பை உருவாக்கும் நேரத்தில்தான் தேர்ந்தெடுக்க முடியும். பிற்பாடு மாற்ற வழியில்லை.

விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் பெயரை 16 பிட் அலகுகளாக வைக்கிறது. எழுதியதை எழுதியபடியே காக்கும், சேர்க்காது, பிரிக்காது. எனவே இங்கும் இரண்டு ‘கோடை’ இருக்கலாம். ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாகப் பாவிக்க வட்டிலேயே ஒரு பட்டியல் பதிந்திருக்கும். தமிழுக்கு அந்த வேறுபாடே இல்லாததால் அது நமக்கு ஒரு பொருட்டில்லை. பொருட்டாக இருப்பவை தடை செய்யப்பட்ட குறிகள்: கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், நட்சத்திரம், நேர்க்கோடு, இருபுறச் சாய்கோடுகள், கோணக் குறிகள். ‘இது என்ன?’ என்று லினக்ஸில் பெயர் வைத்த கட்டுரை விண்டோஸுக்குள் நுழையாது. பெயரின் கடைசியில் வரும் முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் விண்டோஸ் வெட்டிவிடும்.

மேக்கின் கதை கொஞ்சம் நீளமானது. 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு அமைப்பு, நீங்கள் எப்படித் தட்டினாலும் பெயரைப் பிரிந்த வடிவத்துக்கு மாற்றியே சேமித்தது. சேர்ந்த ‘கோடை’யைக் கொடுத்தால் பிரிந்த ‘கோடை’யாகத் திருப்பித் தரும். மேக்குக்குள்ளேயே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அதே கோப்பை லினக்ஸ் சர்வருக்கு அனுப்பினால், அங்கே ஏற்கெனவே இருந்த சேர்ந்த வடிவத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். 2017இல் ஆப்பிள் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு அமைப்புக்கு மாறியது. இப்போதைய மேக்கில் ஏபிஎஃப்எஸ் பெயரைக் கொடுத்தபடியே வைக்கிறது, ஆனால் ஒப்பிடும்போது இரண்டு வடிவங்களையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. என் பார்வையில் மூன்றில் நியாயமான நடத்தை இதுதான்: எழுதியவரின் பைட்டுகளை மாற்றுவதில்லை, தேடுபவரையும் ஏமாற்றுவதில்லை. ஆனாலும் பழைய வட்டிலிருந்து வந்த கோப்புகள் பிரிந்த வடிவத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கும், அதை மறந்துவிட வேண்டாம். இன்னொன்று, ஃபைண்டரில் சாய்கோடாகத் தெரியும் குறி டெர்மினலில் முக்காற்புள்ளியாகத் தெரியும். அந்த இரண்டையும் பெயரில் தவிர்ப்பது நல்லது.

பென்டிரைவ், மெமரி கார்டுகளில் உள்ள எக்ஸ்ஃபேட்டும் ஃபேட்32இன் நீளப் பெயர்களும் 16 பிட் அலகுகளைத்தான் பயன்படுத்துகின்றன. தமிழுக்கு இவை போதும்.

படி 3: எல்லாப் பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

சேர்ந்த வடிவத்துக்கு யூனிகோட் தரத்தில் என்எஃப்சி என்றும், பிரிந்த வடிவத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர். சேர்ந்த வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான விசைப்பலகைகள் அதைத்தான் தருகின்றன, இணையத்தில் உள்ள உரையும் பெரும்பாலும் அதுதான், பைட்டும் குறைவு.

மாற்றுவதற்கு முன் முழு ஃபோல்டரையும் வேறு வட்டில் நகலெடுத்துவிடுங்கள். அப்புறம் லினக்ஸில் ‘கான்வ்எம்வி’ என்ற கருவியை நிறுவுங்கள். மூலக் குறிமுறை, இலக்குக் குறிமுறை இரண்டையும் யூடிஎஃப்-8 என்றே கொடுத்து, என்எஃப்சி விருப்பத்தையும் உள்ஃபோல்டர்களுக்குள் போகும் ‘ஆர்’ விருப்பத்தையும் சேருங்கள். முதலில் எதையும் மாற்றாமல், என்னென்ன மாறும் என்று மட்டும் அது காட்டும். பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டு, ‘நோடெஸ்ட்’ விருப்பத்தோடு மீண்டும் ஓட்டினால்தான் உண்மையில் பெயர் மாறும். இப்படி முன்கூட்டியே காட்டும் கருவிகளைத்தான் பெயர் மாற்ற வேலைக்கு நம்ப வேண்டும்.

விண்டோஸில் இதைப் பைத்தானால் செய்யலாம். யூனிகோட்டேட்டா தொகுப்பின் ‘நார்மலைஸ்’ கட்டளைக்குப் பெயரைக் கொடுத்து, வந்த பெயர் பழையதிலிருந்து வேறுபட்டால் மட்டும் மாற்றுங்கள். அதே புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு ‘கோடை’ இருந்த இடத்தில் ஒன்றை மற்றதன் மேல் எழுதிவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஃபோல்டர் பெயர்களை மாற்றும்போது உள்ளிருப்பதில் தொடங்கி வெளியே வாருங்கள். வெளிஃபோல்டரை முதலில் மாற்றினால் உள்ளே போகும் பாதை பொய்யாகிவிடும்.

மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டில் இந்த மாற்றம் பலிக்காது. நீங்கள் சேர்த்தாலும் அது பிரித்துத்தான் வைக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி மூலம் அனுப்பும்போது அதன் ‘ஐகான்வ்’ விருப்பத்தில் ‘யூடிஎஃப்-8-மேக்’ என்பதிலிருந்து ‘யூடிஎஃப்-8’க்கு என்று குறிப்பிட்டால், வழியிலேயே சேர்ந்த வடிவமாகிவிடும்.

படி 4: நார்மலைசேஷன் தொடாத இரட்டையர்களைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். படி 3 சரிசெய்வது யூனிகோட் ‘சமம்’ என்று அறிவித்தவற்றை மட்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் யூனிகோட் சமமாகக் கருதாத எழுத்துகள் தமிழில் சில உண்டு. அவை மேக்கிலும்கூட தனித்தனிக் கோப்புகளாகவே இருக்கும்.

முதலாவது ‘ஸ்ரீ’. இதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். குறியெண் 3000 ஒன்று, 2998 இன்னொன்று. ‘ஶ’ 2005இல் யூனிகோட் 4.1இல்தான் சேர்ந்தது. அதனால் பழைய கோப்புகளில் ‘ஸ’ வழியும், புதியவற்றில் இரண்டும் கலந்து கிடக்கும். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே கூட்டெழுத்தாக வரைந்துவிடும்.

இரண்டாவது ‘ஔ’. இதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டுபவர்கள் அதிகம். ‘ஔவை’யும் ‘ஒளவை’யும் திரையில் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு முற்றிலும் வேறு. ஔகார உயிர்மெய்யிலும் இதே கதை: சிறகுக் குறிக்குப் பதில் ‘ள’ எழுத்தே உட்கார்ந்திருக்கும். ‘ள’வின் எண் 2995, சிறகின் எண் 3031.

தமிழ் இலக்கங்களும் ஏமாற்றும். ‘௧’ ஒன்றைக் குறிக்கும் இலக்கம், ‘க’ எழுத்து. ‘௨’வுக்கும் ‘உ’வுக்கும் இடையிலும் அப்படியே.

கடைசியாகக் கண்ணுக்கே தெரியாதவை. ‘க்‌ஷ’ என்று பிரித்துக் காட்டுவதற்காகச் செருகப்படும் 8204, அதன் உடன்பிறப்பு 8205, அகலமில்லா இடைவெளி 8203, வெறும் இடைவெளி போலத் தெரியும் 160. இணையப் பக்கத்திலிருந்தோ ஆவணத்திலிருந்தோ தலைப்பை நகலெடுத்து அப்படியே கோப்புப் பெயராக ஒட்டும்போது இவை கூடவே வந்துவிடும். 8204ஐக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடாதீர்கள், சில பெயர்களில் அது வேண்டுமென்றே வைத்ததாக இருக்கும். 8203க்கும் 160க்கும் கோப்புப் பெயரில் எந்த வேலையும் இல்லை, தாராளமாக நீக்கலாம்.

இவற்றுக்குத் தானியங்கித் தீர்வு கிடையாது. எது சரியான எழுத்து என்பது அந்தச் சொல்லைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். படி 1இல் சொன்ன பைத்தான் வழியில் இந்த எண்களைத் தேடிப் பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் பிறகு தேடலில் எந்தக் கோப்பும் தப்பாது.

படி 5: நீளத்தை அளந்து வையுங்கள்

மூன்று இயங்குதளத்திலும் ‘255’ என்ற எண் வரும். எதில் 255 என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 16 பிட் அலகில் அளக்கிறது, தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் ஓர் அலகு, ஆகவே 255 குறியெண்கள் கொள்ளும். லினக்ஸின் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றும் பைட்டில் அளக்கின்றன. குறியெண்ணுக்கு மூன்று பைட்டு என்றால் 85 குறியெண்கள்தான்.

குறியெண் என்றால் எழுத்து அல்ல, கவனியுங்கள். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. குறியெண்ணில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைட்டில் பதினைந்து. ஆகவே லினக்ஸில் ஒரு பெயருக்குக் கிடைப்பது சுமார் ஐம்பது தமிழ் எழுத்துகள். விண்டோஸில் நூறு குறியெண்ணுக்கு வைத்த நீளத் தலைப்பு 300 பைட்டு ஆகிவிடும். லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழை வந்து, பல சமயம் நகலெடுப்பு பாதியில் நின்றுவிடும். இக்ரிப்ட்எஃப்எஸ் முறையில் மறையாக்கம் செய்த ஃபோல்டரில் நிலைமை இன்னும் இறுக்கம்: அங்கே வரம்பு 143 பைட்டு, அதாவது 47 குறியெண்.

என் பரிந்துரை, ஒரு பெயரை 40 குறியெண்ணுக்குள் முடிப்பது. நீளமான தலைப்பு வேண்டுமானால் அது ஆவணத்துக்குள் இருக்கட்டும்.

விண்டோஸில் தனியாக இன்னொரு வரம்பும் இருக்கிறது: முழுப் பாதைக்கும் 260. விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடத்தில்) ஓர் அமைப்பை இயக்கி இதைத் தளர்த்தலாம், ஆனால் அந்தந்த நிரலும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகாமல் இருப்பதே எளிது.

படி 6: பெயர் உடையாமல் அனுப்புங்கள்

ஜிப் கோப்பில் தொடங்குவோம். அந்த வடிவம் பிறந்தபோது பெயர்கள் கோட் பேஜ் 437 என்ற, எந்தப் பைட் எந்த எழுத்து என்று சொல்லும் பழைய ஐபிஎம் பட்டியலில் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். 2006இல்தான் ‘இந்தப் பெயர் யூடிஎஃப்-8’ என்று சொல்லும் ஒரு பிட் தரத்தில் சேர்ந்தது, பதினோராம் எண் பிட். ஜிப் செய்யும் கருவி அந்தப் பிட்டைப் போடாமல் விட்டால், பிரிக்கும் கருவி பழைய பட்டியலை வைத்துப் படிக்கும். 7-ஜிப்பில் கட்டும்போது ‘சியூ’ அளவுருவை இயக்கினால் பிட் கட்டாயம் போடப்படும். இல்லையென்றால் ஜிப்பை விட்டுவிட்டு 7இசட் வடிவத்திலோ, டார் என்றால் பேக்ஸ் வகையிலோ கட்டுங்கள். அவை இரண்டும் பெயரை யூனிகோடிலேயே வைக்கின்றன.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு அமைப்புகள். தமிழ்ப் பெயர்களைக் கிட் எண்களாகக் காட்டும், ‘க’வுக்குப் பதில் 340, 256, 225 என்று எட்டை அடியாகக் கொண்ட (ஆக்டல்) எண் முறையில். ‘கோர்.கோட்பாத்’ அமைப்பை அணைத்தால் தமிழாகவே தெரியும். மேக்கில் ‘கோர்.ப்ரிகம்போஸ்யூனிகோட்’ அமைப்பை இயக்கியே வையுங்கள், பிரிந்த பெயர்களைச் சேர்த்துக் களஞ்சியத்தில் பதியும். ஒரே களஞ்சியத்தில் இரண்டு வடிவமும் ஏற்கெனவே நுழைந்திருந்தால், லினக்ஸ் கணினியில் திறந்து ஒன்றை நீக்குங்கள். மேக்கில் அவ்விரண்டும் ஒரே கோப்பின் மேல் எழுதப்படுவதால், யாரும் தொடாத கோப்பில் மாற்றம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு அனுப்பும் முன், படி 2இல் சொன்ன தடைக் குறிகளைத் தேடி மாற்றிவிடுங்கள். கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும்தான் தமிழ்த் தலைப்புகளில் அதிகம் வருகின்றன.

படி 7: உடைந்த பெயரை மீட்டெடுங்கள்

கிறுக்கலைப் பார்த்ததும் அழித்துவிடாதீர்கள். எப்படிக் கிறுக்கியிருக்கிறது என்பதே எங்கே உடைந்தது என்பதைச் சொல்லிவிடும். தமிழின் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதனால் ஒவ்வொரு தவறான வாசிப்பிலும் ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வரும்.

கிரேக்க ஆல்ஃபாவும் இரட்டைக் கோண மேற்கோளும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 பெயரைக் கோட் பேஜ் 437ஆகப் படித்திருக்கிறார்கள். ஜிப்பில் அந்தப் பிட் விடுபட்டிருக்கிறது. இது எளிதில் மீளும், ஏனென்றால் அந்தப் பட்டியலில் 256 பைட்டுக்கும் குறி இருக்கிறது, எதுவும் தொலைந்திருக்காது. மூல ஜிப் கையில் இருந்தால் ‘அன்ஆர்’ கருவியில் ‘இ’ விருப்பத்தில் யூடிஎஃப்-8 என்று கொடுத்து மறுபடி பிரியுங்கள். ஜிப் இல்லையென்றால் பைத்தானில் பெயரைக் கோட் பேஜ் 437க்கு என்கோட் செய்து, வந்ததை யூடிஎஃப்-8ஆக டிகோட் செய்யுங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய லத்தீன் ‘ஏ’வும், வட்டத்துக்குள் ‘ஆர்’ உள்ள பதிவுக் குறியும் ஜோடியாக வந்தால், விண்டோஸின் கோட் பேஜ் 1252ஆகப் படித்திருக்கிறார்கள். மீட்கும் முறை அதேதான், ஆனால் தமிழுக்கு இங்கே ஒரு முள் இருக்கிறது. 1252 பட்டியலில் ஐந்து பைட்டுகளுக்குக் குறியே கிடையாது. அவற்றில் 141 நம் புள்ளியின் கடைசி பைட். 129 உகரக் குறியின் கடைசி பைட். 143 ‘ஏ’வுக்கும் 144 ‘ஐ’க்கும். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ்ப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் நேரடியாக மாற்ற முயன்றால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். ஐந்தையும் அதே எண்ணுள்ள குறியெண்ணாக விட்டுவைத்து, மற்றவற்றை மட்டும் 1252 வழியாக மாற்றுமாறு எழுதினால் வேலை முடியும். இடையில் வேறொரு நிரல் அந்த ஐந்தையும் நீக்கியிருந்தால் புள்ளிகளை நீங்களே கையால் வைக்க வேண்டியதுதான்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் விஷயம் வேறு. விண்டோஸில் பழைய நிரல்கள் எட்டு பிட் வழியாகப் பெயரைக் கேட்கும். அந்த வழியில் பயன்படத் தமிழுக்கென்று விண்டோஸில் எட்டு பிட் கோட் பேஜ் இல்லை. அதனால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிறது. அந்தப் பெயரைக் கொண்டு நிரல் கோப்பைத் திறக்கப் போனால் கிடைக்காது. வட்டில் உள்ள பெயர் பத்திரமாகவே இருக்கிறது, எதையும் மாற்றாதீர்கள், நிரலை மாற்றுங்கள். நிரலை விட முடியாத நிலை என்றால், விண்டோஸ் 10, 11இல் வட்டார அமைப்புகளின் நிர்வாகப் பகுதியில் யூடிஎஃப்-8ஐ உலகளாவிய மொழிகளுக்குப் பயன்படுத்தும் சோதனை நிலைத் தேர்வு இருக்கிறது, அதை இயக்கிப் பார்க்கலாம். வேறு சில பழைய நிரல்கள் அதனால் குழம்பக்கூடும், அப்படியானால் அணைத்துவிடுங்கள்.

படி 8: நிரல் எழுதுபவராக இருந்தால்

இயங்குதளம் கொடுத்த பெயரை அப்படியே வைத்திருந்து, அப்படியே திருப்பிக் கொடுங்கள். ‘சுத்தமாக்குகிறேன்’ என்று சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டுக் கோப்பைத் திறக்கப் போனால், லினக்ஸ் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றுதான் சொல்லும். ஒப்பிடும்போதும், தேடல் பட்டியல் கட்டும்போதும், புதிய கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் மட்டும் நார்மலைஸ் செய்யுங்கள்.

லினக்ஸில் யூடிஎஃப்-8 அல்லாத பெயரும் வரும் என்று எதிர்பாருங்கள். பைத்தான் 2009 முதல் இதற்கு ‘சரோகேட்எஸ்கேப்’ என்ற வழியை வைத்திருக்கிறது: புரியாத பைட்டைத் தொலைக்காமல் தனிக் குறியெண்ணாக ஒளித்து வைத்து, கோப்பைத் திறக்கும்போது பைட்டாகவே திருப்பித் தரும். விண்டோஸிலும் ஜோடியில்லாத பாதி அலகுகள் பெயரில் இருக்க முடியும், என்டிஎஃப்எஸ் தடுப்பதில்லை.

பெயரைச் சுருக்கும்போது பைட் எண்ணிக்கையில் கண்மூடித்தனமாக வெட்டாதீர்கள். மூன்று பைட்டின் நடுவே வெட்டினால் எழுத்தே உடையும். குறியெண்ணின் எல்லையில் வெட்டினாலும் ‘கோ’வின் குறி போய் ‘க’ மட்டும் நிற்கும், புள்ளி போய் மெய் அகரமாகும். உயிர்மெய் முழுவதையும் ஓர் அலகாக எடுத்து, பைட் வரம்புக்குள் அடங்கும் வரை பின்னிருந்து நீக்குங்கள்.

பெயர்களை வரிசைப்படுத்துவதற்கு மொழிசார்ந்த வரிசை நூலகத்தைப் பயன்படுத்துங்கள். குறியெண் வரிசையில் ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும், ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும், ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வுக்கு முன்பும் வரும். தமிழ் படித்த எவருக்கும் அது தவறான வரிசை.

பாதுகாப்பும் உங்கள் பொறுப்புதான். 8238 என்ற குறியெண் அதற்குப் பின்வரும் எழுத்துகளை வலமிருந்து இடமாகக் காட்டும். அதை நடுவில் வைத்து, இயங்கும் நிரலின் பின்னொட்டைப் படக் கோப்பின் பின்னொட்டு போலத் தெரியச் செய்யும் ஏமாற்று வேலை நெடுநாளாக நடக்கிறது. பெயரைப் பயனருக்குக் காட்டும் இடத்தில் அந்தக் குறியை வெளிப்படையாகக் காட்டுங்கள். 2014 டிசம்பரில் கிட்டில் வெளியான ஓட்டை இன்னும் நுட்பமானது. எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களை ஒப்பிடும்போது 8204 போன்ற சில குறிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட குறியை நடுவில் செருகிய ஒரு பெயரைக் கிட் ‘இது வேறு ஃபோல்டர்’ என்று அனுமதித்தது, வட்டோ அதைக் கிட்டின் சொந்த அமைப்பு ஃபோல்டராகவே எடுத்துக்கொண்டது. தாக்குபவர் அங்கே எழுதிய கட்டளைகள் ஓடின. உங்கள் நிரல் ஒரு பெயரைத் தடுக்க வேண்டியிருந்தால், உங்கள் ஒப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பெயர் போய்ச் சேரும் கோப்பு அமைப்பு எதையெல்லாம் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்று பார்த்து, அதே விதியால் ஒப்பிட்டுத் தடுங்கள்.